கப்பல் யாருக்குச் சொந்தம்?

தமிழில் 'ஓட்டுதல்' என்பது ஒரு பொல்லாத சொல். "அவர் நாலு லாரி ஓட்டுகிறார்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அந்த மனிதர் நான்கு லாரிகளிலும் மாறி மாறி உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்புகிறார் என்று நாம் எண்ணுவதில்லை. லாரிகள் அவருக்குச் சொந்தம் என்றுதான் அர்த்தம் செய்து கொள்கிறோம். ஆனால் இராத் தூக்கம் கெட்டுச் சிவந்த கண்களோடு அந்த லாரியைச் செலுத்துகிறானே, அவனையும் 'லாரி ஓட்டுகிறவன்' என்றுதான் சொல்கிறோம். உடையவருக்கும் உழைப்பவனுக்கும் ஒரே வினைச்சொல்லைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது நம் மொழி.

வ. உ. சிதம்பரம் பிள்ளையை நாம் 'கப்பலோட்டிய தமிழன்' என்கிறோம். ம. பொ. சிவஞானம் அந்தப் பெயரில் அவருடைய வரலாற்றை எழுதினார். 1961-ல் அதே பெயரில் வந்த படத்தில் சிவாஜி கணேசனைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் சிதம்பரம் பிள்ளை சுக்கான் பிடித்தவர் அல்லர், அவர் வக்கீல். அப்படியானால் அவர் 'ஓட்டியது' எது? அவருக்கு முன்னும் பின்னும் அந்தக் கடலில் கலம் செலுத்தியவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களில் எவருக்கும் கிடைக்காத பட்டம் இவருக்கு ஏன் கிடைத்தது? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் சென்னையில் உட்கார்ந்து தேடுவதைவிட முத்துக் கரையின் தென்கோடியில் ஒரு சிற்றூருக்குப் போய் நின்று தேடுவது நல்லது.

அந்த ஊரின் பெயர் பெரியதாழை. தூத்துக்குடிக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மணப்பாட்டைத் தாண்டி உவரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் செக்கச் செவேலென்று தேரி மணல், அதன்மேல் பனைகள். மறு பக்கம் கடல். நடுவே மாதா கோவிலும் மீனவர் வீடுகளும். துறைமுகம் என்று சொல்லத்தக்க வளைவோ, ஆறு வந்து விழும் முகமோ இங்கே இல்லை. திறந்த கரை, கடல் அலை நேரே வந்து மணலில் மோதும். அண்மைக் காலத்தில் அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னெல்லாம் அலைக்கும் மனிதனுக்கும் நடுவே கட்டுமரம் ஒன்றுதான்.

அந்தக் கட்டுமரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு மூன்று மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் கட்டியது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப் போட்டுவிடலாம். அதை வைத்திருப்பவனே அதில் ஏறிப் போகிறான். கூட வருகிறவனுக்கு மீனில் பங்கு. மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. இங்கே 'ஓட்டுகிறவன்' என்றால் இரண்டு அர்த்தம் கிடையாது. உடையவனும் அவனே, செலுத்துகிறவனும் அவனே. கப்பல் உடைமையின் முதற்படி இதுதான். இப்போது கட்டுமரத்தின் இடத்தை யந்திரம் பூட்டிய பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. ஆனாலும் மீனைப் பங்கு போடுகிற அந்தப் பழைய கணக்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை.

கரையை விட்டு ஆழத்துக்குப் போகப் போகத்தான் சிக்கல் தொடங்குகிறது. கலம் ஒருவனுடையது, கை இன்னொருவனுடையது, கடல் மூன்றாவது ஒருவனுடையது என்று ஆகிவிடுகிறது.

கொற்கை முத்தைப் பற்றி நமக்குப் பெருமை அதிகம். அதில் தவறில்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்க வணிகன் எழுதி வைத்த 'பெரிப்ளஸ்' என்னும் கடல் வழிக் குறிப்பில் கொற்கை இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அதே குறிப்பில் நாம் மேடையில் சொல்லாத ஒரு செய்தியும் இருக்கிறது: அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறான் அவன். முத்து பாண்டியனுக்கு, மூச்சடக்கி மூழ்குவது கைதிக்கு. பிற்காலத்தில் குளிப்பவர்கள் கைதிகளாக இல்லை. கடலை வீடாகக் கொண்ட பரதவர்களும் மற்றக் கரைவாசிகளும் குளித்தார்கள். ஆனால் முத்துச் சிப்பி விளையும் பார்கள் எப்போதும் ஆள்பவருக்கே சொந்தமாக இருந்தன. சலாபத்தில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை 'இத்தனை கல்' என்று கணக்கிட்டார்கள். கல் என்பது குளிப்பவன் ஆழத்துக்கு இறங்கத் துணையாகப் பிடித்துக் கொள்ளும் கல். எத்தனை கற்களுக்கு வரி இல்லை என்பதில்தான் நாயக்கர், சேதுபதி, சாதித் தலைவர், பட்டங்கட்டிகள் ஆகியோரின் அந்தஸ்து அடங்கியிருந்தது. கல்லோடு இறங்கியவனின் மூச்சு மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அத்துடன் அந்தக் கணக்கு முடிந்தது.

கடலின் அடி மட்டுந்தானா இப்படி? மேற்பரப்பும் அப்படியே ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இந்தியக் கடலுக்கு ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். கடலில் போகிற எந்தக் கலமும் அவர்களிடம் ஓர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாத கலம் கொள்ளைப் பொருள். அந்தச் சீட்டுக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'கர்த்தாஸ்'. நாம் ஊரிலிருந்து அம்மா எழுதும் கடிதத்தைக் 'கடுதாசி' என்கிறோமே, அது இந்தச் சொல்லின் வழிவந்ததுதான் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. நேற்று வரை தந்தையும் பாட்டனும் யாரையும் கேளாமல் போய்வந்த கடலில், இன்று போக வேண்டுமானால் கடுதாசி வேண்டும்! கப்பல் உன்னுடையது, வழி என்னுடையது என்று சொன்ன முதல் அந்நியன் அவன்.

முத்துக் கரைப் பரதவர்கள் அந்த அந்நியனிடம் தாமாகவே போனார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. முத்துக்குளிப்பில் மேலோங்கியிருந்த முஸ்லிம் வணிகர்களோடு அவர்களுக்குப் பெரும் பகை மூண்டது. 1530-களில் அவர்கள் கொச்சிக்குத் தூது போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். அதன் தொடர்ச்சியாகப் பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538-ல் வேதாளையில் நடந்த சண்டையில் கள்ளிக்கோட்டை மரக்காயர்களின் கடற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து மணப்பாடு, ஆலந்தலை, புன்னைக்காயல் என்று மணலில் நடந்து நடந்து ஜெபம் சொல்லிக் கொடுத்தார். பரதவர்களுக்கு உயிர் மிஞ்சியது, ஊர் மிஞ்சியது, புதிய விசுவாசம் கிடைத்தது. ஆனால் கடல் வழியின் சாவி கொச்சிக்கும் கோவாவுக்கும் போய்விட்டது. 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது சாவி அவர்கள் இடுப்புக்கு மாறியது. 1825-ல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் வசமானபோது இன்னோர் இடுப்புக்கு மாறியது. பூட்டு மட்டும் அதே பூட்டு.

இவ்வளவுக்கும் நடுவே தோணி போய்க்கொண்டுதான் இருந்தது. தூத்துக்குடித் தோணி என்றால் ஆற்றைக் கடக்கிற சிறு ஓடம் என்று எண்ணிவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான டன் சரக்கேற்றிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் மலையாளக் கரைக்கும் போய்வரும் மரக்கலம் அது. அதைக் கட்டுகிற ஓடாவி காகிதத்தில் படம் போட்டுப் பார்ப்பதில்லை. கண்ணும் முழக்கயிறும் பரம்பரை ஞாபகமுமே அவனுக்கு வரைபடம். பலகை இடுக்குகளில் பஞ்சை அடைத்துக் கலப்பத்துப் பார்த்து, பூஜையோ ஜெபமோ செய்து, ஊரே கூடிக் கடலில் தள்ளும். தோணிக்குத் தலைவன் தண்டல். வாடை எப்போது விழும், கொண்டல் எப்போது திரும்பும், கச்சான் எந்த மாதத்தில் மூர்க்கம் கொள்ளும் என்பது அவனுக்கு மனப்பாடம். தோணி முதலாளி கரையில் இருப்பார். தண்டல் கடலில் இருப்பான். முதலாளிக்குப் போட்ட பணம் போனால் போயிற்று. தண்டலுக்கு வீட்டில் விளக்கேற்றுகிறவளின் தாலி போயிற்று. நம் கதைக்காரர்களில் ஜோ டி குரூஸ் தம் 'கொற்கை' நாவலில் இந்த உலகத்தை விரித்திருக்கிறார். 2013-ல் அதற்குச் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. இந்தக் கரையில் பிறந்தவர் எழுதியதால் உப்பு வாடை குறையாமல் இருக்கிறது.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் கீழ்க்கடலை நோக்கிச் சாரி சாரியாக வந்தன. 1876-ல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் இறங்குவதே அக்காலத்து ராஜபாட்டை. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும் வரை அந்த நிலைதான். தேயிலைத் தோட்டத்துக் கூலிகள், செட்டிமார்கள், அரிசி, பருத்தி, கருவாடு எல்லாம் இந்த வழியே போயின. இந்த வழி முழுவதையும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தன் கைக்குள் வைத்திருந்தது.

நீராவி வந்ததும் தோணி செத்திருக்க வேண்டும் அல்லவா? சாகவில்லை. காரணம் தூத்துக்குடிக் கடலின் ஆழமின்மை! பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அந்த ஐந்தாறு மைலுக்கும் சரக்கைக் கொண்டு சேர்க்கத் தோணிதான் வேண்டும். லண்டனில் எத்தனை லட்சம் பவுன் மூலதனம் இருந்தாலும் இந்த ஐந்தாறு மைலில் அது தோணிக்காரனின் தயவை எதிர்பார்த்தது. பெரியவனால் செய்ய முடியாத சின்ன வேலையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது தோணி. ஆனால் கொழும்பு வழியின் பிரயாணிகளும் பெருங்கூலியும் கம்பெனியிடம் போய்விட்டன. கடலோடி வாழ்ந்த ஜனங்கள் சுமை இறக்குகிறவர்களாக ஆனார்கள்.

இந்த நிலையில்தான் ஓட்டப்பிடாரத்து வக்கீல் சிதம்பரம் பிள்ளை காட்சிக்கு வருகிறார். 1906-ல் அவருக்கு வயது 34. வங்காளப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசியம் கொழுந்துவிட்டெரிந்த சமயம். மற்றவர்கள் சீமைத் துணியைக் கொளுத்திக் கொண்டிருந்தபோது இவர் சீமைக் கப்பலை எண்ணிப் பார்த்தார். துணி எப்படி வருகிறது? கப்பலில் வருகிறது. கப்பல் யாருடையது? அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று கண்டுகொண்டது அவருடைய வக்கீல் மூளை.

1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்குகள் 40,000. பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். இந்தக் கடைசி எண்ணில் சற்று நின்று போக வேண்டும். அதுவரை இந்தக் கரையில் கடற்கலம் ஓட்டுவதென்றால் ஒரு முதலாளி வேண்டும். அல்லது ஒரு ராஜா வேண்டும். இவரோ கப்பலை நாற்பதாயிரம் துண்டாக்கினார். 25 ரூபாய் அக்காலத்தில் சிறு தொகை அல்ல, கூலிக்காரனுக்கு எட்டாதது. ஆனால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு மளிகைக் கடைக்காரர், ஒரு குமாஸ்தா சிரமப்பட்டு எட்டிப் பிடிக்கலாம். கடலையே பார்த்திராத உள்நாட்டு ஊர்க்காரன் ஒருவன் பெட்டியில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, "கொழும்புக் கப்பலில் எனக்கும் ஒரு பலகை உண்டு" என்று சொல்லிக் கொள்ளலாம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு, வாங்கினார். பழைய முத்துச் சண்டையில் எதிரெதிராக நின்ற கரை இது. அங்கே ஒரு முஸ்லிம் வணிகரின் பணமும் ஓர் இந்து வக்கீலின் உழைப்பும் ஒரே கப்பலில் ஏறியது சாமானிய விஷயமன்று.

கம்பெனி இருந்தது; கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடமிருந்து வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக் கம்பெனியின் நெருக்குதலால் பம்பாய்க்காரர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றார்கள். இலங்கையிலிருந்து ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார்கள். வாடகைக் கப்பலை நம்பினால் எந்த நேரமும் கயிறு அறுபடும் என்று புரிந்தது. சொந்தக் கப்பல் இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று வைராக்கியத்தோடு பிள்ளை வடக்கே புறப்பட்டார். 1907-ல் பிரான்ஸில் கட்டிய 'காலியா' வந்தது, 'லாவோ'வும் வந்தது.

பம்பாயிலிருந்து தூத்துக்குடி வருகிற கப்பல் குமரி முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். சுற்றியதும் உவரி, பெரியதாழை, மணப்பாடு என்று இந்தக் கரையை ஒட்டிய கடலில் வடகிழக்காகத் திரும்பும். காலியாவும் அந்த வழியே வந்த கப்பல்தான். கட்டுமரத்தில் இருந்தவர்கள் கண்ணுக்குத் தொலைவில் அதன் புகை மற்றக் கப்பல்களின் புகையைப் போலத்தான் தெரிந்திருக்கும். புகையில் சுதேசி என்ன, விதேசி என்ன! ஆனால் போர்த்துக்கீசியன் கடுதாசி கேட்ட நாளிலிருந்து அந்தக் கடலில் நடந்து வந்த ஒரு நீண்ட அநியாயத்துக்கு அது முதல் பதில்.

பதிலுக்குப் பதில் உடனே வந்தது. வெள்ளைக் கம்பெனி பிரயாணக் கூலியை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. வெள்ளைக் கம்பெனி காசே வேண்டாம், வந்து ஏறுங்கள் என்றதாகவும், ஏறியவர்களுக்குக் குடை இனாம் கொடுத்ததாகவும் சொல்வார்கள். அப்படியும் ஜனங்கள் சுதேசிக் கப்பலையே நாடினார்கள் என்பது அந்தத் தலைமுறையின் பெருமை.

இப்போதைய பிள்ளைகள் கணிப்பொறியில் ஒரு வகை விளையாட்டு ஆடுகிறார்கள். ஊர் பேர் தெரியாத பலர் ஒன்றுகூடி ஒரு மாய உலகத்தில் வாழ்கிறார்கள். அங்கே பொன் சேர்த்துக் கப்பல் வாங்கலாம்; பாய் விரிக்கலாம்; தீவு தீவாகப் போய்ச் சரக்கு விற்கலாம்; கொள்ளைக்காரனோடு பீரங்கிச் சண்டை போடலாம். கேட்கவே ஆசையாக இருக்கிறது. நம் ராஜா ராணிக் கதைகளின் பேரப்பிள்ளைதான் இந்த விளையாட்டு. ஆனால் கப்பல் வாங்குகிறவனை மெய்யாகவே மூழ்கடிக்கிற எதிரி கொள்ளைக்காரன் அல்லன். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக் கணக்குப் புத்தகத்தோடு வருகிறான். தன் கப்பலில் இனாமாக ஏற்றிச் செல்கிறான். நஷ்டத்தை யார் அதிக நாள் தாங்குவது என்பதே போட்டி. பத்துத் துறைமுகங்களில் லாபம் சம்பாதிக்கிறவன் பதினோராவது துறைமுகத்தில் பத்து வருஷம் நஷ்டப்படலாம். ஒரே வழியை நம்பி இருப்பவன் பத்து மாதம் தாங்க மாட்டான். பீரங்கியால் ஓட்டை விழுந்தால் கலப்பத்து வைக்கலாம். இந்த ஓட்டையை அடைக்கப் பஞ்சு கிடையாது.

இது தூத்துக்குடியின் தலைவிதி மட்டுமன்று. 1884-ல் வங்காளத்தில் ரவீந்திரநாத தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாதர் ஏலத்தில் ஒரு கப்பல் உடலை வாங்கி, 'சரோஜினி' என்று பேர் வைத்து, பாரிசால் வழியில் ஓட்டினார். அங்கேயும் ஒரு வெள்ளைக் கம்பெனி போட்டிக்கு வந்தது. அங்கே பிரயாணிகள் காசில்லாமல் போனதோடு இனாமாக மிட்டாயும் தின்றார்கள் என்று தம்பி ரவீந்திரர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அண்ணனின் சொத்து கரைந்தது. 1890-களில் பருத்தி நூல் ஏற்றிச் செல்ல ஜாம்ஷெட்ஜி டாட்டா தனிக் கப்பல் வழி தொடங்கினார். எதிரிக் கம்பெனி சரக்குக் கூலியை அதலபாதாளத்துக்கு இறக்கியது. டாட்டாவே கையை எடுத்துவிட்டார். டாட்டாவால் தாங்க முடியாததைத் தூத்துக்குடி வக்கீல் தாங்க முயன்றார்.

கூலிப் போட்டியில் அவரைச் சாய்க்க முடியாதபோது சட்டம் கை கொடுத்தது. 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். தொழிலாளர்கள் வென்றார்கள். மார்ச் 12-ல் பிள்ளை கைதானார். திருநெல்வேலியில் கலகம் மூண்டது. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும் கோயமுத்தூர்ச் சிறையும் கண்ணனூர்ச் சிறையும் அவருடைய உடம்பை அரைத்துவிட்டன. கப்பல் வாங்கியவர் செக்கு இழுத்தார்.

கோரல் ஆலை விஷயத்தில்தான் அவருடைய கப்பலின் அர்த்தம் எனக்கு விளங்குகிறது. வெறும் கப்பல் முதலாளியாக இருந்திருந்தால் ஆலைக் கூலிக்காரன் சம்பளத்தைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அரசியலை விட்டுவிட்டு வியாபாரத்தை மட்டும் பாருங்கள் என்று கம்பெனிக்குள்ளேயே சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கணக்குப்படி அது நியாயமான பேச்சு. ஆனால் அவருக்கு உடையவனும் உழைப்பவனும் இரண்டு கட்சி அல்லர். கடல் வழியை மீட்பதும் கூலியை மீட்பதும் ஒரே வேலையின் இரண்டு கைகள். வியாபாரமாக மட்டும் நடத்தியிருந்தால் கம்பெனி இன்னும் சில வருஷம் இருந்திருக்கலாம். அப்போது அது இன்னொரு கம்பெனியாக மட்டும் இருந்திருக்கும். நாம் அதன் பேரை மறந்திருப்போம்.

அவர் சிறையில் இருந்தபோதே கம்பெனி நொடித்தது, 1911-ல் கலைக்கப்பட்டது. எவரோடு போட்டியிட்டதோ அவர்களிடமே காலியா விற்கப்பட்டது என்பார்கள். நாற்பதாயிரம் துண்டுகளாகப் பிரித்த கப்பலைக் காப்பாற்ற, தலைவர் இல்லாத நேரத்தில் நான்கு பேர் துணிந்து முன்வரவில்லை. பங்கு வாங்குவது சுலபம். பங்குக்குரிய ஆபத்தை வாங்குவதுதான் கஷ்டம். தோணியில் இந்த வித்தியாசம் கிடையாது. புயல் வந்தால் தண்டலும் கடைசிக் கலாசியும் ஒன்றாகத்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். காகிதப் பங்கில் அந்தக் கட்டாயம் இல்லை. வெள்ளைக்காரன் செய்த கொடுமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சரித்திரம் பாதிதான் சொன்னதாகும்.

1912 டிசம்பரில் விடுதலையான பிள்ளை வக்கீல் சன்னது இழந்து, சென்னையில் சிறு வியாபாரம் செய்து அல்லற்பட்டார். பிற்பாடு சன்னது திரும்பக் கிடைக்க உதவிய நீதிபதி வாலஸ் துரையின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். வெள்ளைக்காரன் என்பதற்காக நன்றியை மறக்காத மனிதர்! 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியிலேயே கண் மூடினார்.

அப்புறம் நடந்தது வேகமான கதை. 1919-ல் வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் சிந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். ஏப்ரல் 5-ல் அவர்களுடைய 'லாயல்டி' பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர்களையும் கூலிப் போட்டி விடவில்லை. 1923-ல் உடன்படிக்கைக்கு இறங்கி வந்து, கரையோர வாணிகத்தோடு நின்றுகொள்ளச் சம்மதித்துத்தான் தப்பினார்கள். மூலதனம் பெரிதாக இருந்ததால் தாங்கினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோ 1914-லேயே பி. அண்டு ஓ.வோடு இணைந்து, 1970-களின் தொடக்கத்தில் பேரும் இல்லாமல் மறைந்தது. வென்றவனும் போனான்.

1949-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே செல்ல 'வ. உ. சிதம்பரம்' என்ற கப்பலைக் கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கி வைத்தார். 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் மேடைவரை வந்து நின்றன; தோணிக்காரனின் தயவை நாடி நின்ற அந்த ஐந்தாறு மைல் மறைந்தது. இப்போதாவது தோணி செத்ததா என்றால், இல்லை. யந்திரம் பூட்டிக்கொண்டு, பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கருங்கல்லும் சிமெண்டும் ஏற்றி மாலத்தீவுக்குப் போகப் பழகிக்கொண்டது. 2011-ல் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் பெயரைச் சூட்டினார்கள். அதே வருஷம் ஜூன் மாதம் கொழும்புக்கு மீண்டும் பிரயாணிக் கப்பல் விட்டார்கள். 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற அந்தக் கப்பல் சில மாதங்களே ஓடியது. ஆகாய விமானத்தில் ஏறி ஒரு மணியில் இறங்கப் பழகியவர்களுக்குக் கடல் வழி மறந்துவிட்டது போலும்.

ஆக, கப்பல் யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்தவனுக்கு என்கிறது பத்திரம். வழியைக் கையில் வைத்திருப்பவனுக்கு என்கிறது சரித்திரம். செலுத்துகிறவனுக்கு என்று சொல்ல இதுவரை எந்த ஏடும் எழுதப்படவில்லை. சிதம்பரம் பிள்ளை சுக்கானைத் தொடவில்லை. லாப நோக்கில் உடைமையையும் தேடவில்லை. உடைமை, உழைப்பு, வழி மூன்றும் ஒரே ஜனங்களின் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார். நானூறு வருஷமாக அந்தக் கரையில் எவரும் வாய் திறந்து கேட்காத கேள்வி அது. அதனால்தான் நான்கு ஆண்டு ஓடி நின்றுபோன கம்பெனியின் சொந்தக்காரருக்கு, ஓட்டியவர் என்ற பட்டம் நிலைத்தது.

பெரியதாழை மணலில் இன்றும் விடியற்காலையில் படகு தள்ளுகிறார்கள். அலை திருப்பி அடிக்கும்போது படகுச் சொந்தக்காரனும் கூலிக்காரனும் ஒரே பக்கத்தில் தோள் கொடுக்கிறார்கள். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனி கற்றுக்கொள்ளத் தவறிய பாடம் அந்தத் தோள்களில் இருக்கிறது.